பதிவகத்தின் உயிரும் கட்டளையின் இடமும்

நாம் எழுதிய நிரல் சரியாக இருந்தும் விடை தவறாக வருவதுண்டு. அத்தகைய வேளைகளில், நாம் எழுதியதை இயந்திர மொழியாக மாற்றித் தரும் கம்பைலரிலேயே பிழை ஒளிந்திருக்கக் கூடும். பயிற்சிக்காக எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சிறு கம்பைலரில் அப்படியொரு பிழை இருந்தது. அதன் வேரையும் மருந்தையும் இங்கே கூற விரும்புகிறேன்.

முதலில் பதிவகம் என்பது யாது? கணிப்பொறியின் செயலகத்துக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் சிற்றறை அது. எக்ஸ்86-64 வகைச் செயலகத்தில் பொதுப் பதிவகங்கள் 16. ஆர்ம் 64-பிட் வகையில் 31. நிரலில் மதிப்புகளோ நூற்றுக்கணக்கானவை. ஆகவே ஒரே அறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மதிப்புகளைக் குடியமர்த்த வேண்டும். எந்த அறை காலி என்று அறிவதே கம்பைலரின் தலையாய கவலை.

நான் தங்கிப் படிக்கும் அத்திபெலே, ஓசூர்ச் சாலையில் கர்நாடக எல்லையில் உள்ள ஊர். லாரி ஓட்டுநர்கள் தங்கும் ஒரு விடுதியை அங்கே எண்ணிக்கொள்ளுங்கள். சாவி ஆணியில் தொங்குகிறது என்பதற்காக அறை காலி என்று கூற முடியுமா? ஓட்டுநர் சாப்பிடப் போயிருக்கலாம். அவர் திரும்பி வருவாரா என்பதுதான் கேள்வி. பதிவகமும் அப்படியே. அதிலுள்ள மதிப்பை இனி ஒரு கட்டளையேனும் படிக்குமாயின் அப்பதிவகம் உயிரோடிருக்கிறது. படிக்குமுன் புதுமதிப்பு எழுதப்படுமாயின் பழையது இறந்ததாகும். இதனை உயிர்ப்பு என்போம்.

உயிர்ப்பை முன்னிருந்து பின்னாகக் காண முடியாது. கடைசிக் கட்டளையிலிருந்து மேல்நோக்கியே காணவேண்டும். ஒரு கட்டளைக்குப் பின் உயிரோடிருப்பவற்றில், அக்கட்டளை எழுதும் பதிவகத்தை நீக்குக. அது படிக்கும் பதிவகங்களைச் சேர்க்க. அதற்கு முன் உயிரோடிருப்பவை கிடைத்துவிடும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இரு கிளைகளின் பட்டியல்களையும் ஒன்று சேர்க்க வேண்டும். சுழற்சிகள் இருப்பின், பட்டியல் மாறாது நிற்கும்வரை மீண்டும் மீண்டும் செய்க.

இனி மேலேற்றத்தைக் காண்போம். கிளைக்குள் இருக்கும் கட்டளையைக் கிளை பிரியுமுன் உள்ள இடத்துக்கு உயர்த்துவதே மேலேற்றம். இரு கிளைகளிலும் உள்ள ஒரே கட்டளையை ஒருமுறை எழுதினால் போதும், நிரல் சுருங்கும். ஆனால் ஆபத்தும் இங்கேதான்.

லாரி வாடகைக்கு ஒரு கற்பனைக் கணக்கு. ப1-இல் அடிப்படை வாடகை 1000. ப2-இல் ஏற்றுகூலி 200. இரவுக் கிளையில் முதலில் ப2-இல் 500 எழுதப்படுகிறது. பின் ப1-உடன் ப2 கூட்டப்படுகிறது. பகற்கிளையில் கூட்டல் மட்டுமே. எனவே இரவுக்கு 1500, பகலுக்கு 1200. இப்போது "ப2-இல் 500" என்ற கட்டளையை மேலேற்றினால் என்ன ஆகும்? பகற்கிளையின் வாயிலில் ப2 உயிரோடிருக்கிறது. அதன் 200 அழிந்துவிடும். பகலுக்கும் 1500 வரும். இரவு வாடகையை மட்டும் சோதித்தவருக்கோ யாதொரு குறையும் தெரியாது!

இப்பிழையைப் பெரும்பாலோர் எளிதில் கண்டுகொள்வர். நான் கண்டது இதனினும் நுட்பமானது. இரு கிளைகளும் "ப1-ஐ இரட்டித்து ப3-இல் வை" என்று தொடங்கின. போகவர வாடகைக்காக என்க. கம்பைலர் அதை மேலேற்றியது. கிளை பிரிக்கும் நிபந்தனை ப3-ஐப் படிக்கவில்லை; ஆகவே மேலேற்றம் முறையானதே. அப்படியானால் பிழை எங்கே?

ஒவ்வொரு கிளையின் தலையிலும், உள்ளே வரும்போது உயிரோடிருக்கும் பதிவகங்களின் பட்டியல் ஒன்று உண்டு. முன்பு ப3 கிளைக்குள் பிறந்தது. ஆகவே பட்டியலில் இல்லை. மேலேற்றத்துக்குப் பின் அது வாயிலிலேயே உயிரோடு வருகிறது. பட்டியலையோ எவரும் திருத்தவில்லை. பிறகு வந்த மற்றொரு கட்டம், தற்காலிகமாக ஓர் அறை தேடியது. பட்டியலைப் பார்த்து ப3 காலி என்று கருதியது. வேறோர் எண்ணை அதில் எழுதிவிட்டது. அறையைப் பறித்தது பிந்திய கட்டம். குற்றமோ பேரேட்டைத் திருத்தாத மேலேற்றத்தினுடையது. பிழை தோன்றும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு.

பட்டியலில் இருவகைத் தவறுகள் நேரலாம். இறந்ததை உயிருள்ளது என்றால் ஓர் அறை வீணாகும்; அவ்வளவே. உயிருள்ளதை இறந்தது என்றால் விடையே பொய்த்துவிடும். ஆகவே ஐயம் எழுமிடத்து, உயிருள்ளது என்றே கொள்க.

மேலேற்றுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. தாண்டிச் செல்லும் கட்டளைகளும் நிபந்தனையும் நம் பதிவகங்களைத் தொடுகின்றனவா? மறுகிளையில் அப்பதிவகத்தின் பழைய மதிப்பு உயிரோடிருக்கிறதா? கட்டளை தானே தீங்கு செய்யுமா? பூச்சியத்தால் வகுக்காதபடி நிபந்தனை காத்து நிற்கும் வகுத்தலை, அக்காவலுக்கு மேலே ஏற்றலாகாது. மூன்றும் நன்றெனில் ஏற்றுக. ஏற்றியபின் இரு கிளைகளின் பட்டியல்களையும் புதிதாகக் கணக்கிடுக. நான் கண்ட பிழைக்கு மருந்து இந்தக் கடைசிப் படியே.

பிழையைத் தேடும் முறையும் எளிதே. கம்பைலரின் கட்டங்களை நிறுத்திப் பார்த்து, எந்தக் கட்டத்தில் விடை கெடுகிறது என்று காண்க. அதற்கு முன்னும் பின்னுமான கட்டளைகளை அச்சிட்டு, உயிர்ப்பைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடுக. 2000-ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆட்வேயும் தொடங்கிய எல்.எல்.வி.எம். கம்பைலரில், இத்தகைய முரண்களைத் தேடிச் சொல்லும் சரிபார்ப்பானும் உண்டு.

இத்துறை நமக்கு அயலானதன்று. 1979-இல் மொரெல், ரென்வாய்ஸ் என்போர் கட்டளைகளை இடம்பெயர்த்துத் தேவையற்ற கணக்குகளை நீக்க வழிகண்டனர். அதைச் செப்பனிட்டவருள் பம்பாய் ஐ.ஐ.டி.யின் தாம்தெரே ஒருவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீகாந்தும் பிரீத்தி சங்கரும் தொகுத்த கம்பைலர் கையேடு 2002-இல் வெளிவந்தது.

ஆகவே நண்பர்களே, பத்துக் கட்டளைகள் கொண்ட ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலும் தாளும் போதும். அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு வரிக்கும் உயிர்ப்பை எழுதுங்கள். பின் ஒரு கட்டளையை மேலேற்றி, பட்டியல் எங்கெங்கே மாறுகிறது என்று பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம், கற்றது மறவாது.