மண் காக்கும் முட்டை

(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, பாட்டி வீட்டுக் கொல்லையில் கோழி அடைகாப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். 21 நாள் அது முட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும். அலகால் அவற்றை அவ்வப்போது புரட்டிவிடும். ஆனால், தாய் அருகில் இல்லாமலேயே குஞ்சு பொரிக்கும் முட்டைகளும் உலகில் உண்டு. அவற்றை அடைகாப்பது எது? அம்முட்டைகளைக் காக்க மனிதர் செய்ய வேண்டியது என்ன? செய்யக்கூடாதது என்ன? அறிந்துகொள்வோம்.

பச்சை நிற ஓந்தி

ஓணானின் பழைய பெயர்களுள் ஒன்று ஓந்தி. பச்சை நிறமுடைய ஓந்தி, பச்சோந்தி ஆயிற்று. கொல்கத்தாவின் பூங்காக்களில் வேலிமேல் அமர்ந்து தலையசைக்கும் உயிரினத்தைக் கண்டு 'பச்சோந்தி' எனச் சிலர் சொல்வர். அது பெரும்பாலும் ஓணானே. பச்சோந்தியின் விரல்கள் இரு பிரிவாகப் பிரிந்து, இடுக்கியைப்போல் கிளையைப் பற்றும். வால் சுருளும். ஒரு கண் முன்னே பார்க்க, மற்றொரு கண் பின்னே பார்க்கும். நாக்கை நெடுந்தொலைவு நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும்.

இந்தியப் பச்சோந்தி, தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழ்கிறது. 1768ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற்பெயர் இட்டபோது, இலங்கையைக் குறிக்கும் 'ஜெய்லானிகஸ்' என்னும் சொல்லை அதில் சேர்த்தனர்.

மரத்திலிருந்து மண்ணுக்கு

பச்சோந்தி மரத்தில் வாழும் உயிர். தரையில் அதன் நடை மிக மெதுவானது. பகைவரிடமிருந்து விரைந்து தப்பவும் அதனால் இயலாது. ஆயினும், முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பச்சோந்தி மரத்தைவிட்டு இறங்குகிறது. ஈரமும் இறுக்கமும் பொருந்திய மண்ணைத் தேடி அலைகிறது. கால்களால் மண்ணைத் தோண்டி வளை அமைக்கிறது. அதன் அடியில் முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மிதித்துச் சமன் செய்கிறது. அங்கே வளை இருந்த அடையாளமே தெரியாது. பின்னர் அது மரத்துக்கே திரும்பிவிடுகிறது. முட்டைகளை அது மீண்டும் பார்ப்பதில்லை.

இது தாயின் அன்பின்மை அன்று. ஊர்வனவற்றின் உடலில் கோழிக்குள்ளதுபோல் நிலையான சூடு இல்லை. ஆகவே, தாய் மேலே அமர்ந்தாலும் பயனில்லை. தகுந்த மண்ணைத் தேர்ந்து, தகுந்த ஆழத்தில் வைத்து, தடம் தெரியாமல் மூடுவதே அத்தாய் செய்யும் காவல். அதன்பின் அடைகாப்பது மண்.

கூண்டில் முட்டையிட்டால்

அரேபியாவின் ஏமன் நாட்டைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தி என்னும் இனத்தை வெளிநாடுகள் பலவற்றில் உரிய முறையில் வளர்க்கின்றனர். அவர்கள் கண்டறிந்த முறைகள், ஊர்வனவற்றின் முட்டைக்கு எவை தேவை என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

முட்டை முதிர்ந்த பெண் உணவைக் குறைத்துக்கொள்ளும். கூண்டின் தரையில் ஓய்வின்றி அலையும். அப்போது, ஓரடி ஆழத்துக்குக் குறையாமல் ஈரமணல் நிரப்பிய தொட்டியை உள்ளே வைப்பர். கையில் அள்ளிப் பிடித்தால் மணல் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. பிறகு கூண்டைத் துணியால் மறைத்துவிட்டு விலகிவிடுவர். எவரேனும் பார்ப்பதாக உணர்ந்தால், அது வளையைப் பாதியில் கைவிட்டுவிடும். தகுந்த மண் கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும். அந்நிலை நீடித்தால் தாயும் இறக்கும், முட்டைகளும் அழியும்.

முட்டையிட்டு மூடியபின் தாய்க்கு நிறைய நீரும் சுண்ணாம்புச்சத்து மிக்க உணவும் தருவர். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது மேற்பக்கமாக இருந்ததோ அப்பக்கத்தில் பென்சிலால் மெல்லிய புள்ளி வைப்பர். புள்ளி மேலே இருக்குமாறே அவற்றைப் பெட்டியில் வைப்பர். ஊர்வனவற்றின் முட்டையைப் புரட்டலாகாது. கோழிமுட்டையில் மஞ்சள்கருவை நடுவே தாங்கிநிற்கும் கயிறு போன்ற இழைகள் உண்டு. ஊர்வனவற்றின் முட்டையில் அவை இல்லை. வளரும் கரு, முட்டையின் மேற்புற உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முட்டை புரண்டால் கரு இறந்துவிடக்கூடும்.

பெட்டியில், நீரை உறிஞ்சிவைக்கும் வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளை ஈரமாக்கி நிரப்புவர். வெப்பத்தை ஏறத்தாழ 26 முதல் 28 பாகை செல்சியசு வரை வைத்திருப்பர். முட்டை குழிவிழுந்தால் ஈரம் போதவில்லை என்பது பொருள். பூஞ்சை படர்ந்து அழுகியதை மட்டும் அகற்றுவர். இவ்வாறு ஆறு முதல் ஒன்பது திங்கள் வரை காத்திருப்பர். நாள் நெருங்கும்போது முட்டைகளின்மேல் வியர்வைபோல் நீர்த்துளிகள் அரும்பும். பிறகு குஞ்சு, ஓட்டைக் கீறித் தலை நீட்டும். பிறந்த அன்றே கிளையைப் பற்றி ஏறும்.

தெரிந்துகொள்வோம்

மடகாஸ்கர் தீவில் வாழும் லபோர்டு பச்சோந்தி, முட்டைக்குள் 8 அல்லது 9 திங்கள் இருக்கும். வெளிவந்தபின் 4 அல்லது 5 திங்களே வாழும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கழிகிறது.

நம் வீட்டில் வளர்க்கலாமா?

இந்தியப் பச்சோந்தியை வளர்க்கக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக உள்ளது. அதைப் பிடிப்பதும் விற்பதும் உரிமம் இன்றி வைத்திருப்பதும் குற்றம். சட்டத்துக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. முட்டையைச் சுமக்கும் பச்சோந்தி, மண் தேடித் தரையில் இறங்கும் வேளையில்தான் எளிதில் பிடிபடுகிறது. அதைக் கூண்டில் அடைப்பவர் ஓர் உயிரை மட்டும் சிறைப்பிடிக்கவில்லை; ஒரு தலைமுறையையே அடைத்துவிடுகிறார்.

பச்சோந்தி நஞ்சுடையது என்று அஞ்சி அடிப்பாரும் உளர். அதற்கு நஞ்சு இல்லை. நேர்மையற்றவரைப் 'பச்சோந்தி' எனப் பழிக்கும் வழக்கும் நம்மிடம் உண்டு. ஆனால், நிறம் மாறுதல் வஞ்சனை அன்று. அது அதன் மொழி. முட்டையைச் சுமக்கும் முக்காட்டுப் பச்சோந்தியின் உடல் கருமை படர்ந்து, மஞ்சள், நீலப் புள்ளிகளால் நிறையும். 'அருகில் வாராதே' என ஆண் பச்சோந்திக்கு அது சொல்லும் செய்தி அதுவே.

கொல்கத்தாவுக்கு அருகில் ஒரு மணற்கரை

முட்டையைக் காக்க விரும்புவோர் நம் ஊருக்கு அருகிலேயே ஒரு நல்ல சான்றைக் காணலாம். சுந்தரவனத்தில் சஜ்னேகாலி என்னும் இடம் உள்ளது. அங்கே 'பாட்டாகுர் பாஸ்கா' என்னும் ஆற்றாமையைக் காத்து வருகின்றனர். ஒரு காலத்தில் இவ்வாமைகள் இறைச்சிக்காகக் கூட்டம் கூட்டமாகக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டன. இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் அழிக்கப்பட்டதால், உலகிலேயே மிக அரிய ஆமைகளுள் ஒன்றாக இது ஆகிவிட்டது. இனப்பெருக்கக் காலத்தில் இதன் ஆணும் நிறம் மாறும். தலை கறுக்கும், கழுத்து சிவக்கும்.

சஜ்னேகாலியின் குளத்தில் எஞ்சியிருந்த சில ஆமைகளுக்கு மணற்கரை அமைத்துத் தந்தனர். அவை முட்டையிட்டன, குஞ்சுகள் பெருகின. அவ்வாறு வளர்ந்த ஆமைகளுள் பத்து, 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இருப்பிடம் காட்டும் கருவிகளோடு சுந்தரவன ஆறுகளில் விடப்பட்டன.

சென்னையில் 1988 முதல், மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான மணலில் அதே ஆழத்தில் புதைத்து வருகின்றனர். ஆமை இனங்கள் பலவற்றில், மண்ணின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். ஆகவே, நிழல் விழும் இடத்தைத் தேர்வதிலும் அவர்களுக்குக் கவனம் வேண்டும்.

பச்சோந்தி, ஆற்றாமை, கடலாமை ஆகிய மூன்றின் முட்டைகளும் கேட்பது ஒன்றே: தகுந்த மண், அதன்பின், தொந்தரவு செய்யாத பொறுமை. காத்தல் என்பது எப்போதும் கையில் எடுத்து வைத்துக்கொள்வது அன்று. உரியதைச் செய்துவிட்டுக் கையை விலக்கிக்கொள்வதும் காத்தலே.

சொல்லும் பொருளும்

வளை – மண்ணில் தோண்டிய பொந்து
ஊர்வன – பாம்பு, பல்லி, ஆமை, முதலை போன்ற உயிரினங்கள்
திங்கள் – மாதம்
தடம் – அடையாளம், சுவடு
வஞ்சனை – ஏமாற்று

மொழியை அறிவோம்

பச்சை + ஓந்தி = பச்சோந்தி. பச்சை என்னும் சொல்லின் ஈற்றில் உள்ள 'ஐ' கெட்டது. எஞ்சிய 'பச்ச்' என்பதன் மெய்மேல் 'ஓ' வந்து சேர்ந்தது. இவ்வாறே, பச்சை + இலை = பச்சிலை. பச்சை + ஊன் எவ்வாறு சேரும்? எழுதுக.

பயிற்சி

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கோழிமுட்டையில் குஞ்சு வெளிவர _______ நாள் ஆகும்.
2. ஊர்வனவற்றின் முட்டையைப் _______ கூடாது.
3. சஜ்னேகாலி _______ பகுதியில் உள்ளது.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பச்சோந்திக்கும் ஓணானுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு எழுதுக.
2. முட்டையின் மேற்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைப்பது ஏன்?
3. மண் கிடைக்காத பச்சோந்திக்கு என்ன நேரும்?

இ) சிந்தித்து எழுதுக.
உங்கள் குடியிருப்பில் ஒருவர் பச்சோந்தியைக் கூண்டில் வைத்திருக்கிறார். அது தரையில் ஓய்வின்றி அலைகிறது. அவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்? யாருக்குத் தெரிவிப்பீர்கள்? எட்டுத் தொடர்களில் எழுதுக.

ஈ) கேட்டு எழுதுக.
முட்டை, ஆமை, ஓணான், மணல் ஆகியவற்றுக்கு வங்காள மொழியில் வழங்கும் பெயர்களை உங்கள் நண்பரிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுக. உங்கள் ஊரில் ஓணானை எப்பெயரால் அழைப்பர் எனத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அதையும் சேர்த்து எழுதுக.