நம்மிடம் தொழில் பழகியவர்



குதிரைப் பந்தயத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பந்தயத்தில் பணம் கட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது குடும்பத்தைக் கெடுக்கும். பிறர் குதிரைகளை ஓட்டிப் பிழைத்த ஒருவர், பின்னாளில் லாயம் நடத்தி முதலிடம் பிடித்த வரலாற்றில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1926-ல் பிறந்தவர் ஃபிரெட் வின்டர். தடை தாண்டும் பந்தயங்களில் ஜாக்கியாக இருந்தவர். 1952-53 பருவத்தில் 121 வெற்றிகள் பெற்றார். அந்நாளில் அது சாதனை. அடுத்த பருவம் தொடங்கியதுமே கால் முறிந்தது. மீண்டு வந்து மேலும் மூன்று முறை நாட்டின் முதல் ஜாக்கியானார். 1962-ல் பாரிஸ் நகரப் பந்தயத்தில், நடுவழியில் மாண்டரின் என்ற குதிரையின் கடிவாளம் அறுந்து போனது. மீதித் தடைகளைத் தொடையழுத்தத்தாலும் உடலைச் சாய்த்துமே தாண்ட வைத்து ஜெயித்தார்.

1964-ல் ஓய்வு பெற்றார். பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் அலுவலர் வேலைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. பிறகுதான் லாம்போர்ன் என்ற ஊரில் லாயம் வைத்துப் பயிற்சியாளரானார். முதல் பருவத்திலேயே, 1965-ல், கிராண்ட் நேஷனல் என்ற பெரும் பந்தயத்தை அவர் தயார் செய்த ஜே டிரம்ப் வென்றது. 1966-ல் ஆங்லோ வென்றது. மொத்தம் எட்டு முறை நாட்டின் முதல் பயிற்சியாளர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று: கேட்ட வேலை கிடைக்காதது அவருக்கு நன்மையாக முடிந்தது. ஒரு வழி அடைபட்டதும் முடங்கிவிடாமல், தெரிந்த தொழிலிலேயே அடுத்த படியைத் தேடினார்.

இரண்டு: பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்கார ஜாக்கியாக இருந்தவராயினும், பந்தயம் தொடங்கிவிட்டால் வேலி ஓரம் நிற்பவர்தான். நம்மில் பலருக்கு இது வருவதில்லை. மகனிடம் கல்லாவை ஒப்படைத்த பிறகும் நான் தராசைப் பிடுங்கி நிறுத்துக் கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் மகனை மதிக்காமல் போனதற்கு நானே காரணம் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

மூன்று: இதுதான் முக்கியம். வின்டரிடம் உதவியாளராகத் தொழில் பழகிய நிக்கி ஹென்டர்சன், 1978-ல் தனி லாயம் வைத்தார். 1984-85-ல் வின்டர் எட்டாவது முறையாக முதலிடம் பெற்றார். அடுத்த பருவத்தில் அந்த இடத்தைப் பிடித்தவர் அதே ஹென்டர்சன்! நம் கடைப் பையன் எதிரிலேயே கடை போட்டால் நமக்கு வயிறு எரிகிறது. அந்தப் பயத்தில் பலர் கொள்முதல் விலையையும் சரக்குத் தரம் பார்ப்பதையும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை. முடிவு? முதலாளி படுத்தால் கடையும் படுத்துவிடுகிறது. வின்டர் 1987-ல் விழுந்து உடல்நலம் இழந்தபோது, அவரிடம் பழகிய சார்லி புரூக்ஸ் என்ற மற்றொரு உதவியாளர் லாயத்தை ஏற்று நடத்தினார்.

கற்றுக் கொடுத்தால் ஒருவர் பிரிந்து போகலாம். இன்னொருவர் தாங்கி நிற்பார். கற்றுக் கொடுக்காவிட்டால் தாங்க ஒருவரும் இருக்க மாட்டார். இன்றே நம் கடையில் ஒருவரை அருகில் அமர்த்திக் கொள்முதல் கணக்கைக் காட்டித் தொடங்குவோம்.