பழைய வண்டி வாங்குவோம், பெயரையும் மாற்றுவோம்

பெங்களூரில் பொழுது விடியும் முன்பே காய்கறிச் சந்தை விழித்துக்கொள்ளும். கே.ஆர். மார்க்கெட்டிலும் கலாசிபாளையத்திலும் மூட்டைகள் இறங்கும். கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், கூடை சுமக்கும் பெண்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள்.

அல்சூரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் காய்கறி விற்கிறார்கள். மனைவி மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். கணவரிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் சொந்த வண்டி இல்லை. சரக்கு ஏற்றி வர ஒரு நாளைக்கு 500 ரூபாய் வாடகை. மாதத்தில் 26 நாள் வியாபாரம். 26 × 500 = 13,000 ரூபாய்.

"என்னங்க, வாடகைக்குப் போற காசுல ஒரு பழைய வண்டி வாங்கிடலாமே?" என்று கேட்டார் மனைவி.

நல்ல யோசனைதான். ஆனால் பழைய வண்டி வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது போல அல்ல. கத்தரிக்காயில் புழு இருந்தால் ஒரு காய் போகும். வண்டியில் வில்லங்கம் இருந்தால் பல வருடச் சேமிப்பு போய்விடும்.

எந்த வண்டி?

டாடா ஏஸ் வண்டி 2005-இல் வந்தது. அதைத் தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்பார்கள். சின்னச் சந்துக்குள்ளும் நுழையும். அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இல் வந்தது. ஓசூரில் தயாரான வண்டி அது. மகேந்திராவின் பொலேரோ பிக்கப் குட்டி யானையைவிட அதிகச் சுமை தாங்கும். நம் சரக்கு எவ்வளவு, நம் தெரு எவ்வளவு அகலம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கார் லைசென்ஸ் போதுமா? போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை, இலகுரக வண்டி லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்புச் சொன்னது.

சரக்கு ஏற்றிப் பிழைப்பு நடத்தும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை, கறுப்பு எழுத்து இருக்க வேண்டும்.

முதல் வண்டி

புரோக்கர் ஒருவர் வண்டியைக் காட்டினார். விலை குறைவு. பெயிண்ட் பளபளத்தது. நம்பர் டி.என். 70 என்று தொடங்கியது. அது ஓசூர் வண்டி.

"சிங்கிள் ஓனர் வண்டிண்ணா. இன்னிக்கே அட்வான்ஸ் கொடுத்துடுங்க. நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்று அவசரப்படுத்தினார் புரோக்கர்.

"ஆர்.சி.யைக் கொஞ்சம் காட்டுங்கண்ணா" என்றார் மனைவி.

ஆர்.சி. என்பது பதிவுச் சான்று. அதில் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இருக்கும். இதே நம்பர்கள் வண்டியின் இரும்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும். சேசிஸ் நம்பரில் எழுத்தும் எண்ணும் சேர்த்து மொத்தம் 17 இருக்கும். எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். ஒவ்வொரு எழுத்தின் உருவத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டால் போதும். நம்பரைச் சுரண்டியிருந்தாலோ, அந்த இடத்தில் புதிதாக வெல்டிங் செய்திருந்தாலோ வண்டி வேண்டாம்.

நம்பர்கள் சரியாக இருந்தன. மனைவி கீழே இன்னும் படித்தார்.

"இந்த வரியில ஏதோ கம்பெனி பேர் இருக்கே, அது என்ன?"

கூட வந்த மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "அக்கா, இது எச்.பி. வண்டி. ஃபைனான்ஸ் கடன் இன்னும் முடியல."

கடன் இருக்கும் வரை வண்டி அடமானத்தில் இருக்கிறது. பழைய சொந்தக்காரர் ட்யூ கட்டாவிட்டால், ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைச் சீஸ் செய்வார்கள். அது யார் வீட்டு வாசலில் நின்றாலும் விடமாட்டார்கள். கடன் தீர்ந்தது என்று ஃபைனான்ஸ் கம்பெனி கடிதம் தர வேண்டும். படிவம் 35-இலும் கையெழுத்துப் போட வேண்டும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து எச்.பி.யை நீக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அது வேறு மாநில வண்டி. அதைக் கர்நாடகத்துக்கு மாற்ற, ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்குப் படிவம் 28. கர்நாடகத்தில் வரியும் கட்ட வேண்டும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், இந்த மாநில நம்பர் வாங்குவது கட்டாயம். இந்தச் செலவுகளைக் கூட்டினால் மலிவு விலை மலிவாக இருக்காது.

"யோசிச்சுச் சொல்றோம்ணா" என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டாவது வண்டி

அடுத்த வாரம் கே.ஏ. 03 நம்பர் வண்டி ஒன்று வந்தது. பெங்களூர் வண்டி. எச்.பி. இல்லை. இந்த முறை காகிதம் முழுவதையும் பார்த்தார்கள். அரசாங்கத்தின் எம்-பரிவாகன் செயலியிலும் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். பார்த்தவை இவை:

எஃப்.சி. எனும் தகுதிச் சான்று. சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்கு மேல் ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

இன்சூரன்ஸ். அது இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் உண்டு. சிறைத் தண்டனையும் வரலாம்.

எமிஷன் சான்று, வரி கட்டிய விவரம், கட்டாமல் விட்ட போலீஸ் அபராதம்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட்டையும் பார்க்க வேண்டும்.

புகை சொல்லும் சேதி

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல். 1897-இல் அவர் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். இந்த எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி நெருக்கினால் காற்று கொதிக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவது போலத்தான். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் தேய்ந்த எஞ்சினில் அழுத்தம் குறையும். அப்போது வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாது.

அதனால் மெக்கானிக் காலையிலேயே போனார். பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். எஞ்சின் ஆறியிருந்தது. விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் குறை தெரியாது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து சைலன்சர் புகையைப் பார்க்க வேண்டும்.

கரும்புகை விடாமல் வந்தால், டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். நாசில் கெட்டிருக்கலாம்.

நீலப் புகை வந்தால், எஞ்சின் ஆயில் எரிகிறது. இது பெரிய செலவு வைக்கும்.

வெள்ளைப் புகை காலைக் குளிரில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் வந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கலாம்.

ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிறகு மெக்கானிக் தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்த்தார். துரு, விரிசல், ஒட்டுப்போட்ட இடம், பின் சக்கரத்தின் மேல் உடைந்த பட்டை எதுவும் இல்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருந்தது: 2319. முதல் இரண்டு இலக்கம் வாரம். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. அந்த டயர் 2019-இல் 23-ஆவது வாரத்தில் செய்தது.

"நாலு டயரும் பழசுக்கா. மாத்தணும். அந்தக் காசை விலையில குறைக்கச் சொல்லுங்க" என்றார். பேசி 20,000 ரூபாய் குறைத்தார்கள். விலை 2 லட்சத்து 80 ஆயிரம் என்று முடிந்தது.

கடன் கணக்கு

கையில் 80,000 ரூபாய் இருந்தது. 2 லட்சம் கடன் வேண்டும். இரண்டு இடங்களில் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் வட்டி நூற்றுக்கு 12, தவணை 36 மாதம் என்றார்கள். ஆனால் கணக்கு வேறு.

முதல் இடத்தில் 'ஃபிளாட்' வட்டி. 2 லட்சத்துக்கு ஓர் ஆண்டு வட்டி 24,000 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 72,000 ரூபாய். நாம் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது. மாதத் தவணை சுமார் 7,556 ரூபாய்.

இரண்டாவது இடத்தில் மீதி அசலுக்கு மட்டும் வட்டி. மாதத் தவணை சுமார் 6,643 ரூபாய். மூன்று ஆண்டில் மொத்த வட்டி சுமார் 39,000 ரூபாய்.

ஒரே 12 வட்டிதான். ஆனால் வித்தியாசம் சுமார் 33,000 ரூபாய். எனவே, "மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெயர் மாறினால்தான் வண்டி நமது

விற்றவர் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். "பேர் மாத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம், என்ன அவசரம்?" என்றார்.

"இன்னிக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிடலாம்ணா. உங்களுக்கும் அதுதான் நல்லது" என்றார் மனைவி.

ஏன் நல்லது? ஒரு கார் பலர் கை மாறியது. பதிவேட்டில் மட்டும் முதல் சொந்தக்காரர் பெயர் மாறவே இல்லை. அந்தக் கார் விபத்துக்குள்ளானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டப்படி அவரே சொந்தக்காரர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. காரை எப்போதோ விற்றவர் மாட்டிக்கொண்டார்.

வாங்கியவருக்கும் ஆபத்து உண்டு. விற்றவர் ஊரை விட்டுப் போகலாம். இறந்தும் போகலாம். பிறகு கையெழுத்துக்கு யாரைத் தேடுவது? வண்டி திருடு போனால், நம் வண்டி என்று எதைக் காட்டுவது?

ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் பெயர் மாற வேண்டும். அதற்கு வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் மட்டும் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

வண்டியில் என்ன வைக்க வேண்டும்?

வண்டி வீட்டுக்கு வந்தது. மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. பிறகு மனைவி ஒரு பட்டியல் எழுதினார். கணவர் ஜே.சி. ரோட்டில் உள்ள உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய் வாங்கி வந்தார்.

1. காற்றடித்த ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர்.
2. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டைகள்.
3. சிவப்பு முக்கோணம். வண்டி நின்றுபோனால் சுமார் 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும்.
4. தீயணைப்பான். டீசல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டீசல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.
5. முதலுதவிப் பெட்டி, டார்ச் லைட்.
6. தார்ப்பாய், கயிறு, இழுத்துச் செல்லப் பலமான கயிறு.
7. இரண்டு கேன் தண்ணீர். ஒன்று குடிக்க, ஒன்று ரேடியேட்டருக்கு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.
8. ஒரு நோட்டு, பேனா. டீசல், ஆயில், ரிப்பேர் செலவை அன்றன்றே எழுத வேண்டும்.

ஒளி திருப்பும் ஒட்டுப்பட்டைகளும் வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஆபத்து நேரத்தில் 112-க்குப் பேசலாம். ஆம்புலன்சுக்கு 108.

டீசலை முழுவதும் தீர விடக் கூடாது. குழாயில் காற்று புகுந்துகொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும் சுலபத்தில் ஸ்டார்ட் ஆகாது.

சில நாளில் புதிய ஆர்.சி. வந்தது. கணவர் சொன்னபடி அது மனைவி பெயரில் இருந்தது. மனைவி தம் பெயரையும் சேசிஸ் நம்பரின் 17 எழுத்துகளையும் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகே நகல் எடுக்கக் கொடுத்தார்.

கலந்து பேசுவோம்

1. எச்.பி. உள்ள வண்டியை வாங்கினால் என்ன ஆபத்து?
2. ஆறிய எஞ்சினை ஏன் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்?
3. உங்கள் ஊரில் பெயர் மாற்றாமல் ஓடும் வண்டிகள் உண்டா? அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

கணக்குப் போடுவோம்

ஒரு வண்டியின் ஆர்.சி.யில் மொத்த எடை 1,550 கிலோ, வெறும் வண்டியின் எடை 820 கிலோ என்று இருக்கிறது. ஓட்டுநர் 60 கிலோ, கூட வருபவர் 50 கிலோ. ஒரு மூட்டை 50 கிலோ. எத்தனை மூட்டை ஏற்றலாம்?