மேட்டில் பருப்பு ஏன் வேகவில்லை?

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்காக மலைக்குக் குடிபோன வீடுகளில் ஒரு குறையைக் கேட்கலாம். கீழே மலர்ந்து வெந்த துவரம்பருப்பு, மேலே போனதும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்புப் பருப்பாகவே நிற்கிறது! முதலில் பழி கடைக்காரர் மேல் விழும். அடுத்தது ஈர விறகு. அதுவும் இல்லையென்றால் பானை.

பானையைப் பழிப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று. 1835-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையைக் கடந்து கொண்டிருந்தார். உருளைக்கிழங்கை இரவு முழுதும் அடுப்பில் விட்டு, காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் அது வேகவில்லை. பானை புதியது, அதற்குக் கிழங்கு வேகவைக்க மனமில்லை என்று உடன் வந்தவர்கள் இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். இதைத் தம் பயண நூலில் டார்வின் எழுதி வைத்திருக்கிறார். உண்மையான காரணம் பானைக்கு வெளியே, காற்றில் இருந்தது.

நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அது கடல் மட்டத்தில் மட்டுமே சரி. நீர் கொதிக்க வேண்டுமானால் அதன் ஆவி, மேலே அழுத்திக் கொண்டிருக்கும் காற்றை எதிர்த்துக் குமிழியாக எழ வேண்டும். அழுத்தம் குறைந்தால் குறைந்த வெப்பத்திலேயே குமிழி எழுந்துவிடும். போடி நகரம் கடல் மட்டத்திற்குச் சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடையும்போது 1,300 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம். பாரமானியில் போடியில் ஏறக்குறைய 73 செ.மீ. நிற்கும் பாதரசம், மேட்டில் 64½ செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதற்கேற்ப, போடியில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் நீர், மேட்டில் 95½ டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குகிறது.

மூன்றரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வேகுதல் என்பது வேதி மாற்றம். பல வேதி மாற்றங்களின் வேகம், வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தோராயமான ஒரு விதி. அதை இங்கே பொருத்திப் பார்த்தால், கீழே 40 நிமிடம் பிடிக்கும் வேலைக்கு மேலே 50 நிமிடம் ஆகிறது. (கடைக்காரரை முற்றிலும் விடுவித்துவிட முடியாது. பழைய பருப்பும் வேகத் தாமதமாகும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் அப்படியே.) காய் எடுக்கும் காலத்தில், விடியுமுன் சோறாக்கித் தூக்குவாளியில் அடைத்துக் கொண்டு வேலைக்குக் கிளம்பும் தாய்மாருக்கு இந்தப் பத்து நிமிடம் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அப்படியானால் விறகைக் கூடத் தள்ளி எரித்தால் என்ன? பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். பயன் இல்லை. கொதிக்கத் தொடங்கிய நீர், தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. கூடுதல் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். பருப்புப் பானையிலிருந்து அரை லிட்டர் நீர் ஆவியாகப் போனால் 2,70,000 கலோரி போயிற்று. அந்த வெப்பத்தைக் கொண்டு, 30 டிகிரியில் உள்ள சுமார் நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்துவிடலாம்! ஒரு கிலோ உலர்ந்த விறகு ஏறத்தாழ 40 லட்சம் கலோரி தரும் என்றும், சாதாரண அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கே பானையைச் சேரும் என்றும் கொண்டால், வீணான ஆவியின் விலை அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட விறகு. அதைச் சுமந்து வந்தவர் யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போட்டு வைத்தால், அதே வெப்பநிலையில், அதே நேரத்தில் பருப்பு வெந்துவிடும்.

ஆவியாக்கியே தீர வேண்டிய இடமும் தோட்டத்தில் உண்டு. அதுதான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். போடியின் ஏல மையத்திற்கு வரும் ஒரு கிலோ காய்ந்த ஏலக்காய்க்காக, பச்சைக் காயிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோ நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதையும் அவசரப்பட்டுச் செய்ய முடியாது. 45 முதல் 55 டிகிரி வரை இதமான சூட்டில் வைத்தால்தான் காயின் பச்சை நிறம் நிற்கும். அங்கே செலவாகும் வெப்பம் சரக்காகத் திரும்பி வருகிறது. பருப்புப் பானையில் போகும் வெப்பமோ கூரையில் பனித்துளியாகச் சொட்டுகிறது.

இனி பிரஷர் குக்கருக்கு வருவோம். 1679-ஆம் ஆண்டில் டெனி பப்பேன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதன் முன்னோடியை உருவாக்கினார். இறுக மூடிய பாத்திரத்தில் ஆவியை அடைத்து எலும்பையே மென்மையாக்கிக் காட்டினார்; பாத்திரம் வெடிக்காதிருக்க எடை வைத்த வால்வு ஒன்றையும் பொருத்தினார். நம் குக்கரின் தலையில் ஆடும் வெயிட் அந்த வால்வின் வழி வந்ததே.

குக்கர் வெயிட்டின் அழுத்தம் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம். ஆவித் துளையின் விட்டம் 3 மி.மீ. என்று கொள்வோம். அதன் பரப்பு 0.07 ச.செ.மீ. அப்படியானால் 70 கிராம் எடையே போதும்! உங்கள் வீட்டு வெயிட்டை எடைபோட்டு, துளையை அளந்து, நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோகிராம் அழுத்தம் என்பது 73½ செ.மீ. பாதரசத்திற்குச் சமம். அதாவது, உள்ளங்கையில் அடங்கும் அந்த வெயிட், போடியின் மேல் நிற்கும் காற்று முழுவதும் அழுத்தும் அளவுக்கு ஆவியை அழுத்திப் பிடிக்கிறது. வெளிக்காற்றும் அதனுடன் சேர்ந்து கொள்கிறது. போடியில் மொத்தம் 146½ செ.மீ. அழுத்தம், நீர் 119½ டிகிரியில் கொதிக்கும். மேட்டில் 138 செ.மீ.; கொதிநிலை 117½ டிகிரி. திறந்த பானையில் மூன்றரை டிகிரியாக இருந்த மலைக் குறை, குக்கருக்குள் இரண்டு டிகிரியாகச் சுருங்கிவிட்டது. அதைவிடப் பெரிய லாபம், மேட்டுப் பானையின் 95½ டிகிரியிலிருந்து 22 டிகிரி மேலே ஏறியிருக்கிறோம். முன் சொன்ன விதிப்படி 50 நிமிட வேலை பன்னிரண்டு நிமிடத்திற்குள் அடங்கும்.

எத்தனை விசில் என்று எண்ணிச் சமைப்பது பலருடைய வழக்கம். விசில் என்பது ஆவி வெளியேறும் ஓசை. அது நேரத்தைக் காட்டும் மணி அன்று. தீ பெரிதானால் விசில் அடிக்கடி வரும், பருப்பு அதனால் விரைவில் வேகாது. முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே சரி. பருப்பு நுரைத்து எழும் பண்டமாகையால் குக்கரில் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரையோடு தோல் ஏறித் துளையை அடைத்துவிட்டால் வெயிட்டுக்கு வேலையே இல்லாமல் போய், அழுத்தம் ஏறிக் கொண்டே இருக்கும். அப்போது காப்பது மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு மட்டுமே. அதில் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை இருக்கும். அது உருகி ஆவிக்கு வழிவிடும். ஒரு முறை உருகிவிட்டால் அதே வகை வால்வையே புதிதாகப் பொருத்த வேண்டும். மரச் சக்கையை அடித்துச் சமாளிக்கிற வீடுகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் குக்கரை ஏற்றுமுன் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுங்கள். துளை வழியே வெளிச்சம் தெரிய வேண்டும்.