முகமது அலி கற்றுத்தரும் ஐந்து பாடங்கள்

1980ஆம் ஆண்டு சென்னை நேரு விளையாட்டரங்கில் ஒரு காட்சிக் குத்துச்சண்டை நடைபெற்றது. மேடையேறியவர் முகமது அலி. எதிரே நின்றவர் அவருடைய ஊர்க்காரரும் பழைய பயிற்சித் தோழருமான ஜிம்மி எல்லிஸ். எம்.ஜி.ஆர். அலியை வரவேற்றுச் சிறப்பித்தார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகக் குத்துச்சண்டை வளர்த்த வடசென்னைக்கு அது ஒரு திருவிழா. அந்த வீரரின் வாழ்விலும் வாக்கிலும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் பாடங்கள் சிலவற்றை இங்கே காண்போம்.

1. கோபத்தைப் பயிற்சியாக்கு

1954இல், 12 வயதில், அவருடைய சைக்கிள் திருடு போயிற்று. அப்போது அவர் பெயர் கேஷியஸ் கிளே. திருடனை அடித்து நொறுக்குவேன் என்று குதித்த சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்றார் ஜோ மார்ட்டின் என்ற காவலர். ஆறே ஆண்டுகளில், 1960இல், ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் கிடைத்தது. கோபம் எல்லோருக்கும் வரும். அதை எந்த வழியில் திருப்புகிறோம் என்பதே கேள்வி.

2. வெற்றி யாரும் பாராத இடத்தில் பிறக்கிறது

மேடை விளக்குகளின் கீழே வருவதற்கு வெகு முன்பே, பயிற்சிக் கூடத்திலும் சாலையோர ஓட்டத்திலும் சண்டை முடிவாகிவிடுகிறது என்பது அலியின் கருத்து. பயிற்சியை அவர் விரும்பிச் செய்யவில்லை. வெறுத்தும் விடாமல் செய்தார். அத்திபெலேயிலிருந்து ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் இரவு ஷிஃப்ட் சென்று திரும்பும் பெற்றோரின் உழைப்பும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் பிள்ளையின் படிப்பு அதன்மேல்தான் நிற்கிறது. இதைப் பிள்ளைகள் அறியவேண்டும்.

3. நீ யார் என்பதை நீயே சொல்

1964இல் சன்னி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன் ஆனதும், பிறர் விரும்புகிறபடி நான் இருக்கவேண்டியதில்லை என்று அறிவித்துப் பெயரையும் மாற்றிக்கொண்டார். 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, மூன்றரை ஆண்டுகள் மேடையில்லை. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. நம் பிள்ளைகள் கன்னடத்தை நன்றாகக் கற்கட்டும். அது இந்த மண்ணுக்கு நாம் தரும் மரியாதை. அதற்காக வீட்டுத் தமிழை மறைக்கவோ, அதற்கு நாணவோ தேவையில்லை.

4. தோல்வி முடிவல்ல

1971இல் ஜோ ஃப்ரேசியரிடம் அலி முதல் தோல்வி கண்டார். 1974இல், 32 வயதில், தம்மைவிட ஏழு வயது இளையவரான ஜார்ஜ் ஃபோர்மேனைக் கின்ஷாசாவில் சந்தித்தார். கயிற்றில் சாய்ந்து அடிகளைத் தாங்கி, எதிராளியைக் களைக்கவிட்டு, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். தேர்வில் தவறிய பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைப்போம். பொறுத்து நின்று தக்க நேரத்தில் எழுவதும் ஒரு திறமையே.

5. பூமிக்கும் வாடகை உண்டு

பிறருக்குச் செய்யும் தொண்டே இவ்வுலகில் நாம் குடியிருப்பதற்கான வாடகை என்பது அலியின் புகழ்பெற்ற சொல். மாதந்தோறும் வாடகை கட்டும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஊருக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, பள்ளிச் சேர்க்கைப் படிவம் நிரப்பிக் கொடுப்பது ஆகியவையெல்லாம் அந்த வாடகைதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அலியின் நாக்கு அவருடைய கையைப் போலவே வேகமானது. ஃப்ரேசியரை அவர் இழிவாகப் பேசினார். அது அம்மனிதரை நெடுங்காலம் புண்படுத்தியது. 2001இல் அலி வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். நாவடக்கம் பற்றி வள்ளுவர் சொன்னது மாவீரருக்கும் பொருந்தும். பெரியோரிடம் நல்லதை எடுத்துக்கொள்வோம், குறையையும் கண்டறிவோம்.

1984இல் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை நடுங்கும் கைகளால் அவரே ஏற்றினார். நடுக்கத்தை மறைக்க அவர் முயலவில்லை. 2016 ஜூன் 3ஆம் நாள் மறைந்தார். ஆடிய 61 போட்டிகளில் 56 வெற்றி, 5 தோல்வி.

வீட்டில் பேசிப் பார்க்க:

அ) இந்த வாரம் உனக்கு எதில் கோபம் வந்தது? அதை எந்தப் பயிற்சியாக மாற்றலாம்?

ஆ) யாரும் பாராமல் நம் வீட்டில் உழைப்பவர் யார்?

இ) இந்த மாதம் நம் குடும்பம் கட்டப்போகும் ‘பூமி வாடகை’ என்ன?

பெற்றோரும் இக்கேள்விகளுக்குப் பிள்ளைகளின் முன் விடை சொல்லவேண்டும். அப்போதுதான் பாடம் நிலைக்கும்.