மகள் எழுதுவது யாருடைய கதை?

கேள்வி: என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் என்றால் அவளுக்கு உயிர். பார்ப்பதோடு நில்லாமல், அதில் வரும் ஸ்பாக்கையும் கேப்டன் கிர்க்கையும் வைத்துக் கதைகள் எழுதுகிறாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அறையில் விளக்கு எரிகிறது. முகம் தெரியாத யார் யாரோ படித்துக் கருத்துச் சொல்கிறார்களாம். இன்னொருவர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதுவது காப்பி இல்லையா? சொந்தமாக எழுதினால் என்ன?
– ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் சேர்ந்திருப்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஓர் எழுத்துப் பட்டறையில். பயப்பட வேண்டாம்.

அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதே வாசகர் கடிதங்களால்தான். 1926-இல் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ், கடிதம் எழுதியவர்களின் முகவரியையும் சேர்த்து அச்சிட்டது. வாசகர்கள் நேரடியாகத் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். 1930-லிருந்து சொந்த இதழ்களும் போட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து கிளைகள் பிரிந்தன. விண்வெளி உடை தைத்து அணிபவர்கள் ஒரு கூட்டம். இரவு வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துத் தாங்கள் கட்டிய பாட்டைப் பாடுபவர்கள் இன்னொரு கூட்டம். கதை எழுதுபவர்கள் உங்கள் மகளின் கூட்டம்.

ஸ்டார் ட்ரெக் 1966-இல் ஒளிபரப்பானது. மறு வருஷமே நியூயார்க்கில் இரண்டு பெண்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் இதழைக் கொண்டுவந்தார்கள். ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாயே அதற்குக் கடிதம் எழுதினார். தொடர்ந்து வந்த இதழ்களில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம் ஊர்க் கல்லூரிகளில் நோட்ஸ் எடுத்த சைக்ளோஸ்டைல் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் டைப் அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் திருத்தும் திரவத்தைத் தடவி, அது உலர்ந்த பிறகு அதே இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும். அதை இயந்திரத்தில் ஏற்றிச் சுற்ற, அச்சாகி வந்த தாள்களை மேஜையில் பக்கவாரியாக அடுக்கி, சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, பின் அடித்துத் தபாலில் போட வேண்டும். கதை மேல் ஆசை இல்லாதவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள்.

சரி, இதில் என்ன கற்றார்கள்? 1973-இல் பவுலா ஸ்மித் என்ற ரசிகை ஒரு குட்டிக் கதை எழுதினார். அதன் நாயகி மேரி சூ, பதினைந்தரை வயதிலேயே விண்கலத்தில் லெப்டினன்ட். அவளால் முடியாதது எதுவுமில்லை, கேப்டனே மயங்குகிறார். ஆரம்ப எழுத்தாளர்கள் தங்களையே குறையில்லாத நாயகியாக எழுதிவிடும் பழக்கத்தை அந்தக் கதை சுட்டிக்காட்டியது. இன்றுவரை அப்படிப்பட்ட பாத்திரத்துக்கு ‘மேரி சூ’ என்றே பெயர். இந்த விமர்சனப் பாடம் பிறந்தது ரசிகர்களுக்குள்ளேதான்.

லோயிஸ் மெக்மாஸ்டர் பூஜோல்ட் 1960-களின் இறுதியில் தோழியோடு சேர்ந்து ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழ் நடத்தியவர். பின்னாளில் சொந்த உலகங்களைப் படைத்து, சிறந்த நாவலுக்கான ஹ்யூகோ விருதை நான்கு முறை வாங்கினார். தெரிந்த பாத்திரத்தை வைத்து எழுதும்போது உரையாடல், காட்சி, வேகம் எல்லாம் கைக்கு வருகின்றன. பாட்டுப் படிக்கிறவர் முதலில் குருவின் கீர்த்தனையைத்தானே பாடுகிறார்?

சில எல்லைகளை மட்டும் மகளிடம் சொல்லுங்கள். பாத்திரங்களின் உரிமை வேறொருவருடையது. இந்தக் கதைகளை விற்கக் கூடாது. முகம் தெரியாதவர்களிடம் வீட்டு விலாசம், போன் நம்பர் தரக் கூடாது. தூக்கமும் கெடக் கூடாது.

அதற்கு முன் ஒரு கதையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எங்கே ரசித்தீர்கள், எங்கே சுவை குறைந்தது என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். விளக்கை அணைக்கச் சொல்வதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். கேட்பாள்.