பேரேட்டில் ஏறாத பெயர்கள்



ஒரு தேசத்தாருக்கு நேர்ந்த பெருந்துயரை அயலார் எப்படிப் பார்க்கிறார்கள்? துயர் ஒன்றுதான், ஆனால் வருடங்கள் செல்லச் செல்லப் பார்வை மாறுகிறது. இதை விளங்கிக்கொள்ளத் தூர தேசம் போக வேண்டியதில்லை. நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோன சயாம் மரண ரயிலே போதுமான பாடமாகும்.

ஜப்பானியர் 1942இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ரயில் பாதை போடத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். நீளம் 415 கிலோமீட்டர். நேசநாட்டு யுத்தக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களில் சுமார் 12,000 பேர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், பர்மியர் முதலிய ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். காலராவாலும் பட்டினியாலும் அவர்களில் சுமார் 90,000 பேர் மடிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்.

அயலார் இதை எப்படி ஞாபகம் வைத்தார்கள்? 1944இல் ஜப்பானியரே காஞ்சனபுரியில் ஒரு நினைவுத்தூண் நிறுத்தினர். அதில் பல மொழிகளோடு தமிழிலும் எழுதியிருக்கிறது. 1957இல் குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் வந்தது. இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட அப்படத்தில் கதை பெரும்பாலும் நேசநாட்டுச் சிப்பாய்களைச் சுற்றியே நடந்தது. உலகம் அதையே சரித்திரமாக எடுத்துக்கொண்டது. அந்தப் பாலம் உண்மையில் நின்றது மேக்லோங் ஆற்றின் மீது. படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் நதி எங்கே என்று தேடியதால், 1960களில் அந்த ஆற்றுப் பகுதிக்கே குவாய் என்ற பெயர் சூட்டப்பட்டது. கதைக்காக நதி தன் பெயரை மாற்றிக்கொண்டது என்றால், மாண்ட ஏழைகளின் பெயர் எம்மாத்திரம்!

சகோதரர்களே, இதில் அயலாரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. காரணத்தைக் கவனியுங்கள். கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர் பெயரை ஒளித்து வைத்தாவது குறித்து வந்தனர். 1945இல் யுத்தம் முடிந்ததும் அவர்களுடைய ஆட்கள் பாதை நெடுகக் கல்லறைகளைத் தேடினார்கள். ஆகவே காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இன்றும் வரிசையாகப் பேணப்படுகின்றன. நம் தொழிலாளருக்கோ அப்படி ஒரு பேரேடு இல்லை. கணக்கில் ஏறாத சரக்கு கடையில் இருந்தும் இல்லாததுதான் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததா?

நாமும் அயலார் துயரை அப்படித்தான் பார்க்கிறோம். ரயில் பாதை போட்ட அதே 1943இல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் முப்பது இலட்சம் பேர் மாண்டனர். நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்? பெயரும் முகமும் தெரியாத துயரை மனிதன் விரைவில் மறக்கிறான். ஆகவே நம் துயரைப் பிறர் ஞாபகம் வைக்க வேண்டுமென்று கேட்குமுன், நாம் எழுதி வைத்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை வெளியிட்டது 1993இல்தான். அதாவது பாதை முடிந்து ஐம்பது வருடம் கழித்து!

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நம் மார்க்கம் பணிக்கிறது. பணத்துக்கே அப்படியென்றால் உயிருக்கு எப்படி? திரிங்காப்பிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் நம் கடைக்கு வரும் குடும்பங்களில் சயாமுக்குப் போன பாட்டனாரின் பேச்சு இருக்கக்கூடும். மாதக் கணக்கு முடிக்கும்போது இரண்டு நிமிஷம் கேளுங்கள்: போனவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? எந்த வருடம்? திரும்பினாரா? தமிழர், மலாய்க்காரர் என்று பாராமல் ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு பிரதியைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள்.

நேரில் கேட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தக் கணக்கை இனியும் தள்ளிப்போடலாகாது.